நாலரை மில்லி சந்து

தம்பி அன்வர்,

உனக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் என் சலாம். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் நான் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ "சொல்லுங்கத்தா" என்றதும் மழையைப் பற்றியும் ஏலக்காய் வரத்தைப் பற்றியும் உன் அம்மாவின் முட்டி வலியைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். கடைசித் தடவை நீயே சிரித்துக்கொண்டு, "என்னத்தா, சோலி இல்லாம ஒக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டாய். ஆமாம் தம்பி, ஒரே ஒரு சோலிதான் பாக்கி. அதைச் செய்யத்தான் பயமாக இருந்தது.

போன வாரம் பேத்தி நஸ்ரின் பேசினாள். மருமகளின் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "நன்னா, எனக்கு சைக்கிள் வேணும். அத்தாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள். "நீயே கேளேன் ராசாத்தி" என்றேன். "கேட்டேன் நன்னா. அத்தா வாங்குன சைக்கிள்ல ஏறுனா ஆளு செத்துப்போயிருவாங்களாம். அத்தா கையி அப்படியாம். நெசமா நன்னா?" ஏழு வயதுக் குழந்தை கேட்கிறாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைக்கிறாய்? சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் தம்பி ரபீக் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒன்பது வருடத்தில் நீ ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து முதல் வகுப்பில் தேறியவன், கோயம்புத்தூரில் துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறாய். வீட்டில் குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிட்டுவிட்டு, அவன் வேலையை முடிக்கும்வரை நீ தெருவில் போய் நிற்பாயாம். மருமகள் இதைச் சொல்லும்போது, தம்பியை இழந்த துக்கம் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது துக்கம் மட்டும் கிடையாது என்று நஸ்ரின் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் கையால்தான் அவன் போனான் என்று நீ நம்புகிறாய். உன்னை அப்படி நம்ப வைத்தவன் நான்.

உன் அம்மா இதைப் படித்தால் "சுத்தி வளைக்காம சொல்லுங்க" என்பாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் உன் பூட்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் நான் சைக்கிளுக்கு வர முடியும். நீ நான்காம் வகுப்பு சேர்ந்தபோது உனக்குப் பள்ளிக்கூட பூட்ஸ் வாங்கிவந்தேன். உன்னைக் கடைக்குக் கூட்டிப்போகவில்லை. நீ தூங்கும்போது உன் பாதத்தை ஒரு தடவை என் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, அதே கையோடு போய் வாங்கிவந்தேன். கடைக்காரர் "பையனைக் கூட்டிட்டு வாங்க பாய்" என்றார். "என் கை தப்பாதுய்யா" என்றேன். நீ போட்டுக்கொண்டு நின்றாய். "சரியா இருக்குல்ல?" என்றேன். "சரியா இருக்குத்தா" என்றாய். பங்குனியில் பரீட்சை முடிந்து நீ பூட்ஸைக் கழற்றி எறிந்தபோதுதான் உன் அம்மா உன் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப்போயிருந்ததைப் பார்த்தாள். அவள் சத்தம் போட்டதற்கு நீ சொன்ன பதில், "அத்தா சரியா இருக்குன்னு சொன்னாங்கள்ல." உன் விரல் வலித்தது. ஆனாலும் வலித்த விரலைவிட என் கையைத்தான் நீ நம்பினாய். அன்றைக்கு நான் சிரித்தேன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

என் கைக்கு அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். போடியில் ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கிற எல்லோரும் காயைச் சல்லடையில் போட்டுத்தான் ரகம் பிரிப்பார்கள். எட்டு எம்எம் ஓட்டையில் விழாமல் மேலே நிற்கிற காய் பெருவெட்டு. அதற்குக் கீழே ஏழு, ஆறு. நான் மட்டும் காயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு உருட்டு உருட்டி, எட்டா ஏழா என்று சொல்லிவிடுவேன். சல்லடையில் போட்டுப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஏல மையத்தில் சாம்பிள் தட்டு வந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் என் விரலைப் பார்ப்பார்கள். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து காய் கிடக்கும். நீ பாலிடெக்னிக் சேர்ந்து வெர்னியர் காலிப்பர் என்று மில்லி கணக்கில் அளக்கிற கருவி ஒன்றை வாங்கிவந்து என்னிடம் காட்டியபோது, "இதெல்லாம் விரல்ல உசுரு இல்லாதவனுக்குடா" என்றேன். நீ அதைத் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்தாய்.

இனி சைக்கிள். ரபீக்கின் பழைய கியர் சைக்கிளை நீ மறந்திருக்க மாட்டாய். இருபத்தாறு இஞ்ச் சக்கரம், முன்னால் ஷாக் வைத்த மலைச் சைக்கிள். ஷாக்கில் எண்ணெய் ஒழுகி, பள்ளத்தில் இறங்கினால் டங்கென்று அடிக்கும். அவனுக்கோ தேனி வரை போய்வருவது, கூட்டாளிகளோடு மலையேறுவது என்று ரோட்டில் ஓட்டத்தான் ஆசை. நீ அவனுக்காக மதுரையிலிருந்து ஷாக் இல்லாத கெட்டி போர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடிக்கிற இரும்புக் கவை ஒன்றும், ரோட்டு சைக்கிளின் பெரிய சக்கரம் இரண்டும் பழசில் தேடிக் கொண்டுவந்தாய். நான் நக்கலாக, "கழுதைக்குக் குதிரைக் காலா?" என்றேன். நீ பொறுமையாக விளக்கினாய். ஷாக் வைத்த போர்க்கு நீளம், கெட்டி போர்க்கு குட்டை. அதை மட்டும் மாற்றினால் முன்பக்கம் தாழ்ந்துவிடும். சக்கரமும் பெரிதானால் தாழ்ந்தது திரும்ப ஏறிவிடும். பிரேக் ரிம்மைப் பிடிக்கிற பிரேக்காக இருந்தால் கட்டை எட்டாது, இது நடுவில் தட்டு வைத்த டிஸ்க் பிரேக், அதனால் ரிம் எவ்வளவு பெரிதானாலும் கவலை இல்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான். போர்க்கின் இரண்டு காலும் மேலே சேருகிற இடத்தில் டயருக்கும் இரும்புக்கும் நடுவே போதுமான சந்து இருக்குமா? இவ்வளவையும் நீ சொன்னது எனக்கு இன்றைக்கும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. கேட்காதவன் மாதிரி நடித்தேன், அவ்வளவுதான்.

அது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். உன் அம்மா ராசிங்காபுரத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஏலக்காய்க் குடோனில் நாம் மூன்று பேர்தான். பின் சக்கரம் மெல்லிய டயரோடு சரியாக உட்கார்ந்துவிட்டது. முன்னுக்கும் அதே மெல்லிய டயர் போட வேண்டும் என்பது உன் திட்டம். அது மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது. ரபீக் அவசரப்பட்டு, தன் கூட்டாளி கொடுத்த தடி டயரை முன் சக்கரத்தில் மாட்டிவைத்திருந்தான். நீ குனிந்து வெர்னியரை வைத்துப் பார்த்தாய். பென்சிலை எடுத்துக் குடோன் சுவரில், சாக்கு அடுக்குக்கு மேலே, "முன் சந்து 4.5. பத்தாது" என்று எழுதினாய்.

"வேணாம்டா. ஒரு கல்லு ஏறுனா சிக்கிக்கிரும். மெல்லிசு டயரு செவ்வாக்கெழம வந்துரும்."

"நாளைக்கு எல்லாரும் குரங்கணி போறோம்ணே. நான் மட்டும் வீட்ல ஒக்காரவா?"

"பழைய போர்க்கையே மாட்டித் தர்றேன். அதுல போ."

"அதுல போனா எல்லாப் பயலும் சிரிப்பான். அத்தா, நீங்க சொல்லுங்கத்தா!"

நீ மறுபடியும் "வேணாம், வேணாம்" என்றாய். மூன்று தடவை சொன்னாய் அன்வர். நான் எண்ணிவைத்திருக்கிறேன். எனக்கு உன்மேல் எரிச்சல் வந்தது. நாலரையாம், பத்தாதாம். ஒரு இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு என் எதிரிலேயே அளவு சொல்கிறான். உண்மையில் அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. ரபீக்கின் ஆசைக்காகச் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். உன்னைவிட என் விரல் பெரிது என்று காட்டத்தான் எழுந்துவந்தேன். "தள்ளு" என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு காயை எடுத்து உருட்டினேன். "எட்டு எம்எம் காய்டா இது. இது நொழஞ்சா போதுமா?" என்று கேட்டேன். நீ, "எட்டு இருந்தா தாராளம்த்தா" என்றாய்.

டயருக்கும் போர்க்குக்கும் நடுவே அந்தக் காயை வைத்துக் கட்டைவிரலால் தள்ளினேன். நான் குனிந்திருந்தேன், என் தோள் மறைத்தது, நீங்கள் இருவரும் என் முதுகைத்தான் பார்த்தீர்கள். காய் முதலில் போகவில்லை. அழுத்தினேன். அது ஆடி மாதம், ஒரு வாரமாகச் சாரல். ஈரம் இழுத்த காய் தோல் இளகி அமுங்கிக் கொடுக்கும். முப்பது வருடமாகக் காயோடு கிடக்கிற எனக்கு இது தெரியாதா? விரலுக்கடியில் தோல் நொறுங்கியது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் வெளியே வந்ததை எடுத்தேன். காய் ஒரு பக்கம் சப்பையாகி, தோல் கீறி, உள்ளே கறுப்பு ஏலரிசி தெரிந்தது. எட்டு இல்லை என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்துபோனது. நீ சொன்னதுதான் சரி என்பதும் தெரிந்துபோனது. உன் கையில் அந்தக் காயைக் கொடுத்து, "ஆமாண்டா, பத்தாது" என்று சொல்லியிருந்தால் போதும். நான் அதை வாயில் போட்டு மென்றேன். மென்றுகொண்டே, "தாராளமாப் போகுது. மாட்டிக் குடு" என்றேன்.

நீ வெர்னியரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்றாயே, அதே முகம். சக்கரத்தைக் கழற்றி, மறுபடி நேராக உட்கார வைத்து, நட்டை முறுக்கினாய். ரபீக் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணேன்னா அண்ணேதான்" என்றான். எனக்கு ஒரு சலாம் வைத்தான். மறுநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது அவன் வாசலில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். "வெரசா வந்துருடா, மத்தியானம் பிரியாணி" என்றேன். அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

குரங்கணி மலையிலிருந்து இறங்கும்போது ரோட்டைக் கொத்திப்போட்டுப் பொடிஜல்லி கொட்டியிருந்தார்கள். அதை நீயும் போய்ப் பார்த்தாய். நான் இன்றுவரை அந்த வளைவுக்குப் போனதில்லை. எஸ்டேட்டுக்குக் காய் பார்க்கப் போவதென்றாலும் வேறு வழியாகச் சுற்றித்தான் போவேன். அவனைத் தூக்கிவந்த ஜீப்புக்காரர் சாயங்காலம் சைக்கிளையும் கொண்டுவந்து இறக்கினார். "முன் வீலு சுத்தவே மாட்டேங்குதுண்ணே. பட்டாணியாட்டம் ஒரு கல்லு, போர்க்குல சிக்கி நிக்கிது. தம்பி அப்படியே ஹேண்டிலுக்கு மேல போயிருக்காப்ல" என்றார். நீ என் பக்கத்தில் நின்றாய். அந்தக் கல்லை நாம் இருவரும் பார்த்தோம். நீ பார்த்தது கல்லை. நான் பார்த்தது அந்தக் காயை.

அதற்குப் பிறகு நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடங்கள் மூன்று. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் எழுதிக்கொண்டே, "சைக்கிள்ல வேலை பாத்தது யாரு?" என்று கேட்டார். நீ, "நான்தான் சார்" என்றாய். உனக்கு அடுத்த பெஞ்சில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். தரையைப் பார்த்தேன். ரபீக்கின் மையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது உன் அம்மா உன் சட்டையைப் பிடித்து உலுக்கி, "நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அவன் போயிருப்பானா?" என்று கேட்டாள். சுற்றி முப்பது பேர் இருந்தார்கள். நீ மூன்று தடவை வேண்டாம் என்று சொன்னவன். "அத்தாதான் மாட்டச் சொன்னாங்க" என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பியிருப்பார்கள். நீ சொல்லவில்லை. தலையைக் குனிந்து அவள் உலுக்கியதை வாங்கிக்கொண்டாய். நானும் சொல்லவில்லை.

இந்த இரண்டையும்விடப் பெரியது மூன்றாவது. மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து எல்லோரும் போன பிறகு, நீ குடோனுக்கு வந்தாய். நான் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தேன். நீ எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டாய். "அத்தா, நீங்க காய வச்சுப் பாத்தப்ப எட்டு இருந்துச்சுல்ல? அப்ப நான் நட்ட முறுக்கும்போதுதான் வீலு மேல ஏறிருக்கணும். கோணலா மாட்டிட்டேன் போல. இல்லையாத்தா?" என் அளவு தப்பியிருக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. உன் வெர்னியர் தப்பு, உன் கண் தப்பு, கடைசியில் உன் கையும் தப்பு என்று நீயே ஒரு வழி கண்டுபிடித்து என் முன்னால் வைத்தாய். நான் "ம்" என்றேன். ஒரே ஒரு "ம்". நீ தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோனாய். அடுத்த மாதம் கோயம்புத்தூர் போய்விட்டாய். போகும்போது அந்த வெர்னியரைக் கடை மேசை டிராயரில் விட்டுவிட்டுப் போனாய். மறந்துவிட்டாய் என்று உன் அம்மா நினைத்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஒரு பிள்ளை போய்விட்டான். இருக்கிற இன்னொரு பிள்ளையும் என்னை வெறுத்துவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன். பிறகு, நாளாக ஆக ஆறிவிடும் என்று நினைத்தேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். பயந்தவனுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு புதுக் காரணம் கிடைத்துவிடுகிறது. ஐந்து வேளையும் தொழுதேன், கபுருஸ்தானுக்குப் போய் அவனுக்காகத் துஆ கேட்டேன், எனக்காகவும் கேட்டேன். ஆனால் ஒரு மனுசனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனுசன் மன்னித்தால்தான் உண்டு என்று ஜும்மா பயானில் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும். தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் ரபீக்கை நினைத்து அழுகிறேன் என்று தோளைத் தட்டுவார்கள்.

நஸ்ரின் கேட்டதற்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை. முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காயை மென்றது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். உருவுவதை நிறுத்தவில்லை. கீரை முழுக்க முடிந்த பிறகு நிமிர்ந்தாள்.

"அவன் வேணாம்னு சொன்னானா?"

"சொன்னான்."

"எத்தன தடவ?"

"மூணு."

"நான் எல்லார் முன்னாடியும் வச்சு அவங்கிட்டக் கேட்டேனே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் கேட்டேனே, நான் கேட்டேனே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் அஸர் பாங்குக்குப் பிறகு வெளியே வந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பேப்பர எடுத்து எழுதுங்க. நான் கொண்டு போறேன்" என்றாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "நீங்க வர வேணாம். அவன் கூப்புட்டா வாங்க" என்றாள். இப்போது வெளியே உட்கார்ந்து உனக்காகப் பூந்தியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வருடமாக நீ பெருநாளுக்கு வந்து, ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போனதையெல்லாம் இப்போது நினைத்து அழுகிறாள். நாளைக்கு அவள் உன் எதிரில் நின்று எதுவும் பேச முடியாமல் திணறினால், நீயே ஒரு வார்த்தை முதலில் பேசிவிடு. அவள் மேல் தப்பில்லை. அவளுக்கும் நான்தான் பொய் சொன்னேன்.

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன் இல்லையா? போடவில்லை. குடோன் பரணில் சாக்கு சுற்றி ஏற்றிவைத்திருந்தேன். அதை இறக்கினேன். ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. மற்றபடி போர்க்கும் சக்கரமும் அன்றைக்கு நீ மாட்டியபடியே இருக்கின்றன. டிராயரிலிருந்து உன் வெர்னியரை எடுத்துக்கொண்டேன். எப்படிப் பிடிப்பது, எந்தக் கோட்டைப் பார்ப்பது என்று தெரியவில்லை. உன் பழைய பாலிடெக்னிக் புத்தகத்தில் படம் இருந்தது, அதைப் பார்த்துப் படித்துக்கொண்டேன். டயரில் காற்று இறங்கியிருந்தது. பம்பை எடுத்து நானே அடித்தேன். ரபீக் வாசலில் நின்று அடித்தது ஞாபகம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அளந்தேன். போர்க்கின் இடது காலுக்கும் டயருக்கும் எவ்வளவோ, வலது காலுக்கும் அவ்வளவே. சக்கரம் ஒரு பக்கமும் சாயவில்லை. அச்சு இரண்டு பக்கமும் குழியின் கடைசிவரை போய் உட்கார்ந்திருக்கிறது. நட்டு இறுக்கமாக இருக்கிறது. மேலே சந்தை நான்கு தடவை அளந்தேன். பிறகு சாக்கு அடுக்கை நகர்த்திச் சுவரைப் பார்த்தேன். உன் பென்சில் எழுத்து அழியாமல் இருக்கிறது. நீ எழுதியதும் நான் இன்று அளந்ததும் ஒன்றுதான்.

வெர்னியரை அம்மாவின் பையில் வைத்திருக்கிறேன். நஸ்ரினுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடு. கடைக்காரன் மாட்டியதை நம்பாதே, நீயே கழற்றி நீயே மாட்டு, நீயே அள. அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அவள் "வேணாம்த்தா, இடிக்குது" என்று சொன்னால், உனக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பார். நான் உனக்குச் செய்யாதது அது ஒன்றுதான். சித்தப்பாவின் சைக்கிளில் அந்தச் சக்கரத்தை மாட்டச் சொன்னது யார் என்று அவள் கேட்டால், நன்னாதான் என்று சொல். மறைக்காதே. அவள் என்னிடம் பேசாமல் போனாலும் பரவாயில்லை. ஆனால் அவள் உன் கையைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. நீ கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸுக்கே வருவேன். கூப்பிடாவிட்டால் இங்கேயே இருப்பேன், உன்மேல் எனக்கு ஒரு குறையும் இருக்காது. மூன்றாம் நாள் குடோனில் தரையில் உட்கார்ந்து என்னிடம் ஒன்று கேட்டாய். ஒன்பது வருடம் கழித்து இப்போது அதற்குப் பதில் சொல்கிறேன்.

இல்லை தம்பி. வீலு ஏறவில்லை. நீ நேராகத்தான் மாட்டினாய். சந்து எட்டு இல்லை, நாலரை. எனக்கு அப்பவே தெரியும்.

உன் அத்தா